ஊசி போட மறுத்தால் வேலை போகுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்கிறார் சூப்பர்வைசர். ஊசிக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். 'சொந்த விருப்பத்தில் போட்டுக்கொள்கிறேன், பின்விளைவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்த தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். கட்டாயப்படுத்தக் கூடாதென்று கொரோனா சமயத்தில் சுப்ரீம் கோர்ட்டே சொன்னதே, மறுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்வது 2022 மே 2 அன்று வந்த ஜேக்கப் புலியேல் வழக்குத் தீர்ப்பு. தன் உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கும், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது கோர்ட். அதோடு நிற்கவில்லை. பொது சுகாதாரத்துக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம்; ஆனால் சட்ட ஆதாரம், நியாயமான தேவை, தேவைக்கு மிஞ்சாத அளவு மூன்றும் இருக்க வேண்டும் என்றது. தொற்று குறைந்திருந்த அந்த நேரத்தில் ஊசி போடாதவர்களுக்கு மட்டும் தடை விதிப்பது அளவு மீறியது என்று கண்டது. கடைக்காரர், டாக்சி ஓட்டுநரின் பிழைப்பை நிறுத்திவைத்து ஊசிக்குச் சம்மதம் வாங்குவது செல்லாது என்று 2021-லேயே மேகாலயா உயர்நீதிமன்றமும் சொல்லியிருந்தது.

உங்கள் விஷயம் வேறு; ஹவுஸ்கீப்பிங்கில் மருத்துவக் கழிவு அள்ளுவதும் அடங்கும். மருத்துவக் கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை என்கின்றன மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. ஆகவே நிர்வாகம் கேட்பதற்குச் சட்ட ஆதாரம் இருக்கிறது. அதற்காகக் கையைப் பிடித்து யாரும் ஊசி குத்த முடியாது. ஆனால் மறுத்தால், கழிவு அள்ளும் வேலையிலிருந்து உங்களை மாற்றுவதில் நியாயம் உண்டு. எழுத்தில் எதுவும் தராமல், உங்கள் விளக்கத்தையும் கேட்காமல், 'நாளையிலிருந்து வராதே' என்று நிறுத்துவதில் நியாயமில்லை.

என்னைக் கேட்டால், போட்டுக்கொள்ளுங்கள். யாரோ கவனக்குறைவாக மஞ்சள் கழிவுப் பையில் போட்ட ஊசி, பையைக் கட்டும்போது கையுறையைத் துளைத்துக்கொண்டு வரும். அந்த ஆபத்து உங்கள் கைக்குத்தான், சூப்பர்வைசருக்கு அல்ல. வழக்கமாக மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் சண்டை போட வேண்டியது அந்தத் தாளுக்காகவும் பணத்துக்காகவும். வேலை போகும் என்று மிரட்டி வாங்கும் கையெழுத்தைச் சொந்த விருப்பம் என்று எழுதிக்கொள்வது அநியாயம். சம்மதம் என்றால் என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று உங்களுக்குப் புரியும்படி முதலில் சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகும் உரிமையை முழுக்கப் பறிக்கும் ஒப்பந்தம், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி செல்லாது. 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடுவது மருத்துவமனையின் கடமை என்றிருக்க, அதன் செலவை உங்கள் தலையில் கட்டக் கூடாது. பணம் பிடித்தால், சம்பளச் சீட்டுடன் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ஊசியே போடாமல் கழிவு அள்ள வைக்கிறார்கள் என்றால், 2016 விதிகளை அமல்படுத்தும் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. புகார் அங்கே போக வேண்டும்.