எரிச்சேயில் முதலில் மதில்

கேள்வி: சிசிலியின் எரிச்சே மலையூரில் அரை நாள்தான் கிடைக்கும். வீனஸ் கோட்டையை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. கடலுக்கு 750 மீட்டர் மேலே நிற்கும் கோட்டை கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அது, வீனஸ் கோயில் இருந்த இடத்தில் நார்மானியர் பிற்காலத்தில் எழுப்பியது. ஊரின் வயதைச் சொல்வது மதில். டிராப்பானி வாசலில் தொடங்கி ஸ்பாடா வாசல் வரை அதை ஒட்டியே நடங்கள். அடிவரிசையில் பெரும் பாறைகள். சிலவற்றில் பினீசிய எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். மேலே போகப் போகக் கல் சிறுக்கிறது. அது பின்வந்தவர்களின் கைவேலை. ஒரே சுவரில் எத்தனை ஆட்சிகள்! வெறும் சுவருக்காகக் கால் நோக வேண்டுமா என்பீர்கள். தேய்ந்து பளபளக்கும் கல்தெரு ஈரத்தில் வழுக்கும், உண்மைதான். பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஊர் சின்னது, நிதானமாக நடந்தாலும் கோட்டைக்கு நேரம் மிஞ்சும். அங்கிருந்து கீழேயுள்ள டிராப்பானி நகரின் உப்பளங்களையும் பாருங்கள்.