ஆபரேஷன் தேதிக்கு முன்னால் மாத்திரைக் கணக்கு

இதய அறுவை வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, மந்தைவெளியிலிருந்து ஒரு பழைய சிஸ்டர் எழுதுவது.

1. மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "ரத்தம் உறையாம இருக்க ஏதோ சாப்பிடறேன்" என்ற பதில் போதாது. வார்ஃபரினைச் சுமார் 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். நம் ஊரில் அதிகம் ஓடும் அசிட்ரோம் சீக்கிரம் உடலைவிட்டு நீங்கும். 2, 3 நாள் போதும். க்ளோபிடோக்ரெல் 5, டிகாக்ரிலார் 3, பிராசுக்ரெல் 7. பைபாஸுக்கு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. இது பொதுக் கணக்கு; அந்த நோயாளிக்கு டாக்டர் எழுதியதே செல்லும். அண்மையில் ஸ்டென்ட் வைத்தவரிடம் நீங்களாக எதுவும் சொல்லவே கூடாது.

2. நிறுத்தும் நாளை வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். தேதி, கிழமை போட்டுத் தமிழில் எழுதுங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகளோ பேத்தியோ, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

3. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்னும் வருகிறார்கள், பலர் இளம்பெண்கள். இடது மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகும். மார்பின்மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் அறையின் மூலையிலுள்ள கட்டி தப்பிவிடலாம். அதனால்தான் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். கட்டி தெரிந்தால் வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சையைத் தள்ளிவைத்து, ரத்தம் உறையாமலிருக்கச் சில வாரம் மாத்திரை கொடுத்து மறுபடி பார்ப்பார்கள். அல்லது நெஞ்சைத் திறந்து செய்வார்கள். "லீவு போட்டு வந்தோம், ஏன் திருப்பி அனுப்பறீங்க?" என்று குடும்பம் கலங்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: கட்டி பெயர்ந்தால் மூளைக்குப் போகும், பக்கவாதம் வரும். இந்த விளக்கத்துக்குச் செலவிடும் நேரத்தை வீண் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

4. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1990-இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வானாலும் வெளிநாட்டு வால்வானாலும், இயந்திர வால்வு என்றால் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. மறு அறுவைக்காக அதை நிறுத்தும் இடைவெளியில் ஹெப்பாரின் கொடுப்பார்கள். சொட்டு மருந்தாக ஓடினால் எப்போது நிறுத்தவேண்டும் என்று டாக்டரிடம் மணி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். பொதுவாக 1.5-க்குக் கீழே இறங்கியபின்தான் தியேட்டர். மாத்திரை சாப்பிடும் நாட்களில் அந்த அளவு ஏறி இறங்காமலிருக்க, கீரையை அடியோடு விடவேண்டாம். தினமும் ஒரே அளவாகச் சாப்பிடட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரை வேண்டாம்.

6. மாத்திரை நிறுத்திய நாட்களில் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ, ஆபரேஷன் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.