எழுத்தாளரோடு கதைக்கப் போகிறவர்களுக்கு

வாசகர் வட்டம் தொடங்கும் பிள்ளைகளே,

நம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் நூல் வெளியீட்டு விழாக்கள் நிறையவே நடக்கின்றன. விளக்கேற்றி, முதற்பிரதி வழங்கி, நயவுரைகள் நீண்டு, எழுத்தாளர் ஏற்புரைக்கு எழும்பும்போது சனம் கலையத் தொடங்கிவிடும். வாசகர் அவரோடு கதைக்க நேரமே இருப்பதில்லை. அந்த நேரத்தை நீங்கள் உண்டாக்கப் பார்க்கிறீர்கள். அதற்காகச் சில வார்த்தைகள்.

1. வாசித்துவிட்டு வாருங்கள். முன்னுரையும் பின்னட்டையும் போதாது. ஒரு மாதத்துக்கு முன்பே நூலைத் தெரிவுசெய்யுங்கள். பழைய நூல் என்றால் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே சேர்ந்து வருகின்றன. கடையில் கிடைப்பதைக் காசு கொடுத்தே வாங்குங்கள். இங்கே பல எழுத்தாளர்கள் தங்கள் கைக்காசில்தான் அச்சடிக்கிறார்கள்.

2. கேள்வி நூலுக்குள்ளிருந்து வரட்டும். "எழுத்தில் ஆர்வம் எப்படி வந்தது?" என்று வாசிக்காதவரும் கேட்கலாம். ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ சிறுகதையை வாசித்தவரோ, அதன் முடிவு எழுதத் தொடங்கும்போதே மனதில் இருந்ததா என்று கேட்பார். பதிலும் அந்த ஆழத்துக்கு வரும்.

3. மறைபொருளை உடைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ சிறுகதையைப் படித்துவிட்டு, "அந்த அரசன் யார்?" என்று கேட்பதில் பயனில்லை, அது உங்களுக்கே தெரியும். போர்க்காலத்தைச் சொல்ல ஓர் அரசன் கதை ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள்.

4. அடுத்த ஊரையும் வாசியுங்கள். நம் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறிக் கிடக்கின்றன. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனிடம் எம்.ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் போன்ற முஸ்லிம் இளைஞர்கள் உரிமையோடு வந்து போனார்கள். கவிதையைப் பேசிப் பேசியே வளர்ந்தார்கள். 1990இல் இரு சமூகத்திலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு, பக்கத்து ஊரை அறியாமலே வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்கள் வட்டத்தில் ஒரு மாதம் காத்தான்குடி எழுத்தாளர் என்றால், அடுத்த மாதம் களுவாஞ்சிகுடி எழுத்தாளர் இருக்கட்டும்.

5. போரைப் பற்றி அவர் எழுதியதைக் கேளுங்கள். எழுதாமல் விட்டதைத் தோண்டாதீர்கள். பிள்ளையை இழந்தவரும், காணாமற்போனவரைத் தேடுகிறவரும் அதே அறையில் இருக்கக்கூடும். எழுத்தாளர் பேசாமல் நின்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

6. குறை சொல்லத் தயங்க வேண்டாம். எந்த அத்தியாயத்தில் தொய்வு, எந்த உரையாடல் அந்த ஆளின் வாயில் ஒட்டவில்லை என்று இடம் காட்டிச் சொல்லுங்கள். பொதுப்படையான புகழ்ச்சியால் எவருக்கும் நன்மையில்லை. ஆளை விட்டு, எழுத்தைப் பேசுங்கள்.

7. புலம்பெயர்ந்த எழுத்தாளரைச் சூம் வழியாக அழைத்தால் நேரத்தைப் பாருங்கள். மட்டக்களப்பில் இரவு ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் காலை. மெல்பேணில் நள்ளிரவை ஒட்டிய நேரமாக இருக்கும். அறிமுகவுரையை மூன்று நிமிடத்தில் முடியுங்கள். இருபது நிமிடம் அவர் பேசட்டும், மிகுதி வாசகருக்கு. கூச்சப்படுகிறவர்களின் கேள்விகளை முன்னமே எழுதி வாங்கி வையுங்கள்.

8. அனுமதி கேட்டுப் பதிவுசெய்யுங்கள். எழுத்தில் இறக்கி, அவரிடம் காட்டித் திருத்திய பிறகே வெளியிடுங்கள். எம். பௌசரின் ‘மூன்றாவது மனிதன்’ இதழில் வந்த நேர்காணல்களைத் தேடிப் படியுங்கள். தயாரிப்போடு கேட்பது எப்படி என்று அங்கே பழகலாம்.

9. பிந்தாதீர்கள். நீலாவணன் 1975இல் காலமானார். அவரது ‘வழி’ 1976இலும் ‘வேளாண்மை’ 1982இலும்தான் நூலாக வந்தன. நூலாக அவற்றை முதன்முதலாகப் படித்த வாசகருக்கு அவரிடம் ஒரு சொல் கேட்க வழியில்லாமற் போனது. 1978 சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் இந்தக் கரையில் வீடுகளோடு எழுத்தாளர்களின் தாள்களையும் கொண்டுபோயின. ஆகவே முதல் கூட்டத்துக்கு, உங்கள் ஊரில் இருக்கும் ஆக மூத்த எழுத்தாளரை அழையுங்கள். மண்டபத்துக்கு வர அவருக்கு இயலாவிட்டால், அவருடைய நூலை வாசித்து முடித்துவிட்டு அவர் வீட்டுக்கே போங்கள்.