மருந்துத் துண்டை எழுதுவது யார்?

அன்புத் தங்கச்சிக்கு,

டொக்டராக வேண்டுமென்று மயிலிட்டியில் இருந்து உயர்தர உயிரியல் படிக்கிறாய். மருத்துவபீடத்துக்குப் போகுமுன்பே நீ அறியவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

காய்ச்சலென்றால் ஊரில் எவரும் கேட்பது பனடோல். அது கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர் பரசிற்றமோல். அதையே வேறு பெயரில் மலிவாகவும் வாங்கலாம். ஆனால் நீரிழிவுக்கோ இதயநோய்க்கோ டொக்டர் எழுதிய பெயரை மாற்றிக் கேட்க நோயாளிக்குத் துணிவு வராது. அதனால்தான் கம்பனிகள் டொக்டரைத் தேடிப் போகின்றன.

சென்னையின் அபெக்ஸ் லாபரட்டரீஸ், தன் சிங்கோவிட் சத்துமாத்திரையைப் பிரபலமாக்க டொக்டர்களுக்குத் தங்க நாணயம், டிவி, ஃப்ரிட்ஜ், லாப்டொப் என்று கொடுத்தது. அந்தச் செலவு சுமார் 4.72 கோடி இந்திய ரூபாய். அதை வியாபாரச் செலவாகக் காட்டி வரிவிலக்கும் கேட்டது. 2022 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பரிசுகளின் செலவு மருந்து விலையில் ஏறி, கடைசியில் நோயாளியின் தலையிலேயே விழுகிறது என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

‘ஒரு சாப்பாட்டுக்கா டொக்டர் மாறுவார்?’ என்று நீ கேட்கலாம். அமெரிக்காவில் சுமார் 2,80,000 டொக்டர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கம்பனி செலவில் 20 டொலருக்கும் குறைந்த ஒரேயொரு சாப்பாடு சாப்பிட்டவர்கள்கூட, அந்தக் கம்பனியின் மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. ஆனாலும் சாப்பாடுகள் கூடக்கூட எழுதுவதும் கூடியது. இவர்களெல்லாம் கெட்டவர்கள் அல்லர். தாங்கள் சாய்வது தங்களுக்கே தெரியாமல் போவதுதான் இதில் உள்ள ஆபத்து.

இதற்கு வழி தேடியவர் நம் இலங்கையிலேயே இருந்தார். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, டொக்டரும் அரசியல்வாதியுமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து தந்த அறிக்கையின் பயனாக, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. ஒசுசல மருந்துக்கடைகள் அதனுடையவை. சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைந்தன. பொதுப்பெயர்கள் முன்னுக்கு வந்தன. கம்பனி சாராத மருந்துத் தகவலும் டொக்டர்களுக்குப் போனது.

நாளை ஒரு மருந்துக் கம்பனி விற்பனைப் பிரதிநிதி (ரெப்) உன் மேசைக்கு வந்து, ‘ஆபத்து 50 வீதம் குறையும்’ என்பார். 100 பேரில் 2 பேருக்கு வருவது ஒருவருக்கு வந்தாலும் அது 50 வீதம்தான். எத்தனை பேரில் எத்தனை, எந்த மருந்தோடு ஒப்பிட்டது, ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தது, மாத விலை என்ன என்று கேள்.

இப்போதே பழகலாம். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எடுத்து, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே சிறிதாக அச்சிட்டிருக்கும் பொதுப்பெயரை ஒரு கொப்பியில் எழுது. பிறகு அதே மருந்து வேறு பெயரில் என்ன விலை என்று பார்மசியில் விசாரித்து, பக்கத்தில் குறித்து வை.

அன்புடன்,
அண்ணா