குடித்த பால் மார்பில் கசிவதேன்?

சென்னை மண்ணூர்பேட்டைக்கு அருகே முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கும் இதய அறுவை செய்கிறார்கள். அறுவைக்குப்பின் மார்பில் தேங்கும் நீரை வெளியேற்ற வடிகுழாய் பொருத்தப்படும். குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் சில வேளைகளில் அந்த நீர் பால்போல் வெளுத்துவிடும். தேர்ந்த மருத்துவர்களிடமும் அரிதாக நேரும் இச்சிக்கலுக்குக் கைலோதோராக்ஸ் என்று பெயர். வயிற்றுக்குச் சென்ற பாலுக்கும் மார்புக்கும் என்ன தொடர்பு?

கொழுப்பின் தனிவழி

சோற்றின் மாவுப்பொருளும் பருப்பின் புரதமும் செரித்தபின் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகின்றன. கொழுப்பின் பெரும்பகுதியோ குடலுறிஞ்சிகளிலுள்ள நிணநீர்க் குழல்களில் நுழைகிறது. கொழுப்புத் துகள்கள் கலந்த இந்த வெண்ணிற நிணநீரே கைல். மார்பு நிணநீர் நாளம் இதை முதுகெலும்புக்கு முன்புறமாக மேலேற்றி, இடப்புறக் கழுத்தடியிலுள்ள சிரையில் சேர்க்கிறது. 1651-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பெக்கே இந்நாளத்தை விவரித்தார். பெரியவர்களில் நாள்தோறும் சுமார் 2 லிட்டர் நிணநீர் இதன்வழி பாய்கிறது.

நாளத்தின் சுவர் மெல்லியது. பட்டினியாக இருக்கும் நோயாளியில் அதன் நீர் நிறமற்றிருப்பதால், அறுவையின்போது கண்ணில் படாமல் காயமுறக்கூடும். கசியும் நீர் நுரையீரலை அழுத்தும். கொழுப்பும் புரதமும் நோயெதிர்க்கும் நிண அணுக்களும் வீணாவதால் உடல் மெலியும். தொற்று எளிதில் பற்றும்.

உணவே மருந்து

100 மி.லி. நீரில் டிரைகிளிசரைடு 110 மி.கி.க்கு மேலிருந்தால் அது பெரும்பாலும் கைலே. முதல் மருத்துவம், வழக்கமான கொழுப்பை நிறுத்துவது. அதற்கு ஈடாக 8, 10 கார்பன் அணுக்கள் கொண்ட நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைத் தருவார்கள். அது நிணநீரை நாடாமல் நேரே இரத்தத்தில் சேரும். நாளத்தில் ஓட்டம் குறைய, பலருக்குக் காயம் தானே மூடிக்கொள்ளும்.

இக்கொழுப்பைத் தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கலாம். ஆனால் தேங்காய் எண்ணெயையே கொடுத்தால் போதாது. அதில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு நிணநீர்வழியே செல்லும்.

உணவுமாற்றம் பயன்தராவிடில் ஆக்ட்ரியோடைடு ஊசி போடுவதுண்டு. அதற்கும் நிற்காவிடில் நாளத்தைக் கட்டிவிடுவார்கள். 1948-இல் லாம்ப்சன் இம்முறையின் வெற்றியை அறிவித்தார். கட்டியபின் பக்கக் கிளைகள் நிணநீரை ஏற்றுச் செல்லும். இன்று மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே அடைக்கவும் முடிகிறது.

சிந்திக்க: நாளத்தைக் கட்டும் அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு, அதுவரை கொழுப்பை விலக்கிய மருத்துவரே பாலாடை கொடுப்பதுண்டு. ஏன்?