பவளத்திட்டு மீன்களின் இரு தாடைகள்

காஞ்சிக் கோயிற் குளங்களில் பொரிக்கு வாய் திறக்கும் கெண்டையைக் காணாதார் நம்மில் இலர். அவ்வாயினுள் ஒரு பல்லும் இல்லை. ஆயினும் கெண்டை பல்லற்ற மீன் அன்று. அதன் பற்கள் தொண்டையில் உள. வாய் இரையைப் பற்ற, தொண்டை அதனை அரைக்கும். கயலையும் சேலையும் கண்ணுக்கு உவமை கூறிய நம் புலவர்கள் அவற்றின் வாயை அத்துணை நோக்கினாரல்லர். அக்குறையை விலங்கு நூலார் நிறைவு செய்தனர்.

என்பு மீன்கள் பலவற்றுக்கும் இவ்வாறு தாடை இரண்டு. செவுளைத் தாங்கும் என்புகளே பின்புறத்தில் இரண்டாம் தாடையாகத் திரிந்தன. அரைக்கும் தொழிலைப் பின்னது ஏற்றமையால், முன்னது பற்றுதல் ஒன்றற்கே ஏற்பப் பல்வேறு வடிவு கொள்ளலாயிற்று. இதன் விரிவைக் காணப் பவளத்திட்டினும் சிறந்த இடம் இல்லை. நமக்கு அணித்தாயது மன்னார் வளைகுடா. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை அமைந்த அதன் 21 தீவுகள் 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டன.

தாடையின் இயல்பைக் கதவொன்றால் விளக்கலாம். கீலின் அருகே கைவைத்துத் தள்ளின் பளு மிகும். ஆயின் கை சிறிது நகரவே விளிம்பு நெடுந்தூரம் விரையும். விளிம்பில் தள்ளின் வலிமை மிகும், விரைவு குன்றும். தசை பற்றும் இடமும் அத்தகையதே. சிப்பியை நொறுக்கும் பேத்தைக்குத் தாடை குறுகியது, தசை பருத்தது. ஓடும் மீனை விழுங்கும் கலவாவோ பெருவாயை நொடியில் விரித்து, நீரோடு இரையை உள்ளிழுக்கும்.

மொரே என்னும் விலாங்கின் செய்தி வியப்புக்குரியது. இடுக்கில் வாழும் அதற்கு அவ்வாறு வாயை விரித்து உறிஞ்ச இயலாது. வாய் இரையைக் கவ்வியதும், தொண்டைத் தாடை முன்னோக்கிப் பாய்ந்து அதனைப் பற்றி உள்ளே இழுக்கும். இஃது 2007-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று.

இனிக் கிளிமீன். இதன் முன்பற்கள் பல வரிசையாய் இறுகிப் பிணைந்து கிளியின் அலகு போல் ஆயின. ஒரு வகையில் 15 வரிசையில் ஏறத்தாழ 1000 பற்கள் உள என 2017-இல் ஆய்வாளர் உரைத்தனர். நம் ஊர்ச் சரிகையிற் சேரும் வெள்ளியினும் பொன்னினும் அப்பற்கள் கடியன. இவ்வலகு பாறையைச் சுரண்டிப் பாசியைக் கொள்ளும். உடன் வந்த பவளக் கல்லைத் தொண்டைத் தாடை மாவாக்கும். இம்மீனுக்கு இரைப்பை இல்லை. ஆதலின் அரைத்தல் முழுதும் தொண்டையிலேயே முடிதல் வேண்டும். எஞ்சிய கல் வெண்மணலாய் வெளிப்படும். பெரிய மீனொன்று ஓராண்டில் பல நூறு கிலோகிராம் மணலை ஈனும். மாலைத்தீவுகளில் ஓரிடத்தை ஆராய்ந்தோர், ஆங்குப் புதிதாய்த் தோன்றும் மணலில் 85 விழுக்காட்டிற்கு மேற்பட்டது கிளிமீன் தந்ததே என 2015-இல் வெளியிட்டனர். ஒரு மீனின் மிடற்றிலிருந்து தீவுக்கு மண் பிறக்கிறது!

மன்னார்த் தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் கடலுள் மூழ்கிவிட்டன. பவளக் கல்லை வெட்டியெடுத்தமை அதற்கொரு காரணம். மேலும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெம்மையால் ஆங்குள்ள பவளம் வெளுத்தது. வெளுத்து மடிந்த பவளத்தின்மேல் பாசி படரும். அதனைச் சுரண்டிப் புதுப்பவளம் பற்றுதற்கு இடம் செய்வது கிளிமீனின் அலகு. அம்மீனை மிகுதியாய்ப் பிடித்தால் பாசியே மேலோங்கும்.

வண்ணத்துப்பூச்சி மீனின் நிலை வேறு. அதன் சிறுவாயில் மயிர் போன்ற நுண்பற்கள் அடர்ந்துள்ளன. அவ்வினத்துட் சில உயிர்ப்பவளத்தின் மெல்லுடலைக் கிள்ளி உண்பதற்கன்றி வேறொன்றற்கும் அமைந்தனவல்ல. பவளம் மடிந்த திட்டில் பாசி எத்துணை மண்டினும் அவை பசித்தே திரியும்.