இளஞ்சோளப் பயிரின் விஷம்

குற்றாலத்தில் சாரல் பொழியும் நாட்களிலும், தென்காசிக்குக் கிழக்கேயுள்ள மானாவாரிப் புஞ்சைகளில் சோளப்பயிர் மழையின்றி வாடி நிற்பதுண்டு. அப்பயிரில் ஆடு மாடுகளை மேயவிடுதல் அபாயமாகும்.

இளஞ்சோளத்தில் 'துர்ரின்' என்னும் பொருள் உளது. மாடு பயிரை மெல்லுங்கால் அப்பொருள் சிதைந்து, ஹைட்ரோஸயனிக் அமிலம் என்னும் கொடிய விஷம் உண்டாகிறது. இரத்தத்திலுள்ள பிராணவாயுவை உடல் பயன்படுத்தவொட்டாமல் இவ்விஷம் தடுத்துவிடும். கால்நடை மூச்சுத் திணறி, நடுங்கி விழுந்து, சில நிமிஷங்களிலேயே இறக்கவுங்கூடும். வாடிய பயிரிலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் இவ்விஷம் மிகுதி.

ஆகையால், பயிர் பூத்த பின்னரே அறுத்து, வெயிலில் நன்கு உலர்த்திக் கால்நடைகளுக்கு இடவேண்டும். விஷக்குறி கண்டால், கைவைத்தியத்தில் காலங்கடத்தாது கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். ஸோடியம் தயோஸல்பேட் முதலிய மருந்துகளை உரிய காலத்தில் ஊசிமூலம் செலுத்தினால் மாடு பிழைப்பதுண்டு.